நெஞ்சுக்குள் குவாரி

கல் தூசியால் வரும் சிலிகோசிஸுக்கு மருந்தே கிடையாது. தடுக்கும் வழியோ நூறு வருடத்துக்கு மேல் பழசு. பிறகும் ஏன் சாகிறார்கள்?

காலை பத்தரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஒரு சிற்பக்கூடம். ஆறடிக் கருங்கல்லில் ஒரு பெருமாள். முகம் இன்னும் வரவில்லை, மார்பில் மாலை மட்டும் பாதி விழுந்திருக்கிறது. அதன் மேல் குனிந்திருக்கிறார் நாற்பது வயது மதிக்கத்தக்க சிற்பி. கையில் இருப்பது உளி இல்லை, கட்டர் மிஷின். கல்லைத் தொட்ட நொடியில் வெள்ளையாக ஒன்று குபுக்கென்று கிளம்பி அவர் முகத்தை மறைத்துவிடுகிறது. மிஷின் நின்றதும் மெல்ல விலகுகிறது. புருவம், இமை, காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் விபூதி அபிஷேகம் ஆனதுபோல் இருக்கின்றன. மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துண்டு.

"மாஸ்க் குடுத்தாங்க சார். போட்டா மூச்சு முட்டுது, வேர்வையில ஊறிப் போவுது. துண்டுதான் வசதி." இருமல் உண்டா என்றால், "காலையில கொஞ்சம் இருக்கும். வாழப்பழம், வெல்லம் சாப்ட்டா தூசி கீழ எறங்கிடும்" என்கிறார். பஞ்சாலைகளில் தொடங்கி ராஜஸ்தான் குவாரிகள் வரை தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வைத்தியம் இது. பாவம், வாழைப்பழம் போகும் குழாய் வேறு, தூசி போகும் குழாய் வேறு.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெடஸ்டல் ஃபேன். அது தூசியை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டுபோய், மூலையில் உப்புத்தாள் தேய்க்கும் பையனிடம் ஒப்படைக்கிறது.

கூடத்தின் பெரியவர் உளியோடு வளர்ந்தவர். "எங்க காலத்துல சில்லு பறக்கும், கண்ணப் பாத்துக்கணும். இப்ப மாவுல்ல பறக்குது" என்றார். நாம் எழுத வந்ததில் பாதியை அவர் முடித்துவிட்டார்.

துப்பினால் வராத தூசி

இமையில் படியும் தூசியால் பெரிய ஆபத்து இல்லை. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்கும், காறித் துப்பினால் வந்துவிடும். எமன் அதற்குப் பின்னால் வருகிறான். தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். படிகச் சிலிக்காவின் ஆபத்தான துகள்கள் அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. துண்டின் இழைகளுக்கு நடுவே அவை புகுவது, கோயில் வாசலில் கொசு நுழைவது மாதிரி. இருமலுக்கு எட்டாத ஆழத்தில், காற்றுப்பைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். கிருமி என்றால் செரித்துவிடும், கல் செரிக்குமா? விழுங்கிய அணு செத்து உடையும். துகள் வெளியே வரும். அடுத்த அணு விழுங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தழும்பு. தழும்புகள் முடிச்சுகளாகி, முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சு மாதிரி விரிந்து சுருங்கவேண்டிய நுரையீரல் விறைத்துப் போகும். வேலையை விட்டு ஊரோடு போய்ச் சேர்ந்த பிறகும் இது நிற்பதில்லை.

வழக்கமாகப் பத்து வருடம், இருபது வருடம் எடுக்கும். குவார்ட்ஸ் பவுடர் ஆலை, மணல் பீய்ச்சும் பட்டறை போன்ற இடங்களில் ஓரிரு வருடங்களிலேயே ஆளை முடித்த கதைகள் உண்டு. மாடியேற மூச்சு வாங்கும், பிறகு சட்டை மாட்டவே மூச்சு வாங்கும். தழும்பைக் கரைக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை. கடைசிக் கட்டத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். வசதியிருந்தால் நுரையீரல் மாற்று அறுவை. கல்லுடைப்பவர் வீட்டில் அந்த "இருந்தால்" எங்கே இருக்கிறது?

பெட்டிச் செய்தி: எந்தக் கல்லில் எவ்வளவு சிலிக்கா?
(தோராயமாக)
மார்பிள்: 5 விழுக்காட்டுக்கும் கீழ்
கிரானைட்: 20 முதல் 45 வரை
மணற்கல்: 70 முதல் 90 வரை
சமையலறை மேடைக்கு வரும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை: 90க்கு மேல்
அமெரிக்காவில் 2016 முதல் எட்டு மணி நேர வேலையில் அனுமதிக்கப்படும் அளவு: ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். உப்புக்கல் ஒன்றைப் பொடித்து அறை முழுக்கத் தூவினாலே அதைத் தொட்டுவிடலாம்.

டிபி என்று எழுதிய சீட்டு

நோயைவிட மோசமானது அதன் பெயர் மாறாட்டம். இருமல், இளைப்பு, மாலைக் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளைப் புள்ளிகள். காசநோய் மலிந்த நாட்டில் இதைப் பார்க்கும் மருத்துவர் கை தானாகவே "டிபி" என்று எழுதும். ஆறு மாதம் மாத்திரை. குறையவில்லையா, மறுபடி ஆறு மாதம். சிலிக்கா புகுந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறும் என்பதால், பலருக்கு இரண்டுமே இருக்கும். டிபிக்கு மருந்து கிடைக்கிறது, சிலிகோசிஸ் சீட்டிலேயே ஏறுவதில்லை.

இதைப் பெயர்க்குழப்பம் என்று தள்ளிவிட முடியாது. டிபி என்றால் கிருமியின் குற்றம், சிலிகோசிஸ் என்றால் முதலாளியின் குற்றம். ஒரு வார்த்தையில் ஒரு தொழிற்சாலையின் பொறுப்பே கைகழுவப்படுகிறது.

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில்நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு வருடம் தாண்டிவிட்டது. நம் ஊர் ஓபி சீட்டில் பெயர், வயது, பாலினம் இருக்கும். தொழில் என்ற கட்டம் இருந்தாலும் "கூலி" என்று நிரப்பி முடித்துவிடுவார்கள். பஞ்சுக் கூலியா, கல் கூலியா, நெல் கூலியா?

சீனாவின் ஹெனான் மாநிலத்தில் 2009இல் ஓர் இளைஞர் இந்தப் பெயர் மாறாட்டத்தோடு மல்லுக்கட்டினார். பல மருத்துவமனைகள் தூசி நோய் என்றன. சான்று தரும் அதிகாரம் பெற்ற நிலையமோ காசநோய்ப் பக்கம் கைகாட்டியது. வேலை செய்ததற்கான காகிதங்களைத் தர ஆலை மறுத்தது. கடைசியில் தன் மார்பைத் திறந்து பார்க்கச் சொல்லி அறுவை மேஜையில் படுத்தார். திறந்தார்கள், தூசி இருந்தது. நாடே கொதித்த பிறகு இழப்பீடு வந்தது. நுரையீரல் வரவில்லை. 2013இல் மாற்று அறுவை செய்துகொண்டார்.

பல்பமும் பளிங்குப் பொடியும்

சிலேட்டில் "அ" எழுதிப் பழகிய தலைமுறைக்கு ஒரு செய்தி. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர், கல் பல்பத்துக்குப் பேர்போன ஊர். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே 593 தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதித்து 1985இல் முடிவை வெளியிட்டது. 54.6 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ். நாம் நக்கிக்கொண்டும் கடித்துக்கொண்டும் எழுதிய குச்சியை அறுத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல். அவர்களுக்கென்று மாநில அரசு தனி நலநிதிச் சட்டமே போடவேண்டி வந்தது.

இன்னும் பின்னால் போனால் நம் ஆட்களே வருகிறார்கள். கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தோண்டிய பூமி. குவார்ட்ஸ் பாறைக்கு நடுவேதான் தங்க ரேகை ஓடியது. 1940களில் 7,600க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் இருந்ததாக 1947இல் பதிவானது. இந்தியாவில் இந்த நோய் ஏட்டில் ஏறியதே அப்படித்தான் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் எத்தனை டன் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

கோத்ரா கதை இன்னும் வேகமானது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களில் மானாவாரி நிலம் பொய்த்துப்போன ஆதிவாசிகள், குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் போகும் பொடி. மூடிய கொட்டகையில் உலர்ந்த கல்லை அரைக்கும் வேலை. சில மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். கணவன், மனைவி இருவருமே போன வீடுகள் உண்டு.

238 சாவுகளுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் குஜராத் அரசுக்குச் சொன்னது. கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2016 ஆனது. அந்த உத்தரவு வந்த பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது 2006இல். 2024 ஆகஸ்டில்தான், தூசித் தொழில்களைப் பசுமைத் தீர்ப்பாயமும் இழப்பீட்டை மனித உரிமை ஆணையமும் கண்காணிக்கட்டும் என்று நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்துக்கொடுத்தது.

பெட்டிச் செய்தி: சட்டத்தில் குறையில்லை
1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் எல்லாம் இருந்தன.
இந்நோய்களைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது அதன் பிரிவு 89. தெரிவிக்காவிட்டால் அந்தச் சட்டம் வைத்த அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய்.
இழப்பீட்டுக்குச் சட்டம் 1923ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் "இங்கே வேலை செய்தேன்" என்று நிரூபிக்கவேண்டும். குவாரியில் மஸ்டர் ரோல் யாரிடம் இருக்கிறது?
மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது பழைய கணக்கு. 2020இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட புதிய தொகுப்பில் அது 20 பேர். நம் சிற்பக்கூடத்தில் எண்ணிப் பார்த்தோம்: ஒன்பது.

சாவுக்குக் காசு உண்டு

இந்திய மாநிலங்களில் இந்த விஷயத்தில் அதிகம் செய்திருப்பது ராஜஸ்தான்தான், சொல்லியாகவேண்டும். கரௌலி, தோல்பூர், ஜோத்பூர், பூந்தி என்று மணற்கல் வெட்டும் மாவட்டங்களில் கிராமம் கிராமமாக விதவைகள் இருப்பதை மூடி மறைக்க முடியாமல் போனபோது, 2019இல் தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். மருத்துவக் குழு சான்று தந்தால் 3 லட்சம். இறந்தால் குடும்பத்துக்கு இன்னும் 2 லட்சம். மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம். முதலாளி யார் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் உயிர். நல்ல திட்டம். ஆனால் சான்று கைக்கு வரும்போது நுரையீரல் கையை விட்டுப் போயிருக்கும்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. பணம் போவது அரசுக் கஜானாவிலிருந்தும், சுரங்கங்களிடம் வசூலாகும் மாவட்ட நிதியிலிருந்தும். உலர் துளையிட்டுத் தூசி கிளப்பிய அந்தக் குத்தகைதாரர் தன் கையிலிருந்து ஒரு பைசா தனியாக வைக்கவேண்டியதில்லை. ஊரெல்லாம் சேர்ந்து மொய் எழுதுகிறோம், கொலைகாரன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான்.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறாகப் போனது. சிலிகோசிஸ் பற்றிய முதல் சர்வதேச மாநாடு 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. அதே ஊர் நீதிமன்றம் 2019இல் ஓர் ஒப்பந்தத்துக்கு முத்திரை வைத்தது: ஆறு தங்கச் சுரங்க நிறுவனங்கள், 1965 வரை பின்னோக்கிப் போய், 500 கோடி ராண்ட் தரவேண்டும். லெசோத்தோ, மொசாம்பிக்கிலிருந்து வந்து உழைத்துத் திரும்பியவர்களுக்கும் சேர்த்து. அரசு வரிப்பணம் இல்லை, நிறுவனங்களின் பணம். தூசியை அடக்குவது லாபமா நஷ்டமா என்று ஒரு முதலாளி கணக்குப் போட்டுப் பார்ப்பது இப்படிப்பட்ட நாளுக்குப் பிறகுதான்.

ஒரு டிரம் தண்ணீர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சுரங்கங்களில் காற்றழுத்தத் துளைக்கருவி வந்தபோது, தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் "விதவையாக்கி". அதன் தண்டின் நடுவே ஓட்டை போட்டுத் தண்ணீரைச் செலுத்தலாம் என்று உடனே கண்டுபிடித்தும் விட்டார்கள். துளை வாயிலேயே தூசி சேறாகி வழிந்துவிடும். நம் நாட்டின் 1961ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளிலும் தூசியை அடக்கும் கட்டளை உண்டு. கிரஷர்களில் கல் விழும் வாயில் நீர்த்திவலை தெளித்தால் நுண்தூசி பெருமளவு குறைகிறது என்று இந்தியக் கிரஷர்களிலேயே அளந்து பார்த்து 2008இல் ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது. விஞ்ஞானம் தன் வேலையை முடித்துக்கொண்டு போய் வெகுநாளாயிற்று.

பிறகு ஏன் நடக்கவில்லை? சோம்பல், அலட்சியம் என்று தொழிலாளியைத் திட்டுவது சுலபம். சிற்பக்கூடத்தில் கேட்டுப் பார்த்தோம். முதல் காரணம், கோடு. காவியிலும் சாக்பீஸிலும் கல்லில் வரைந்த கோட்டின் மேல்தான் மிஷின் போகும். தண்ணீர் பட்டால் கோடு அழியும், சேறு மூடிக்கொள்ளும், பெருமாளின் மூக்கு எங்கே என்று தெரியாது. இரண்டாவது, ஷாக். கரன்ட் மிஷினும் ஈரத் தரையும் சேர்ந்தால் இருபது வருடம் கழித்து வரும் சாவு இன்றைக்கே வந்துவிடும் என்று பயம். மூன்றாவது, கூலி. உருப்படிக் கணக்கு. ஈர வேலை மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் சம்பளம் குறையும். ராஜஸ்தானில் நாலாவதும் உண்டு: குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் கல்லுக்கு எங்கே போவது?

எல்லாமே நியாயமான காரணங்கள். எல்லாவற்றுக்கும் பதிலும் உண்டு. காற்றில் ஓடும் கருவிகளுக்கு ஷாக் கிடையாது, மின்கருவி என்றால் கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது. நுணுக்க வேலைக்குத் தண்ணீர் ஒத்துவராதென்றால் பிளேடைச் சுற்றி உறை மாட்டி, தூசியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வைக்கலாம். குஜராத்தின் கம்பாத்தில் வீட்டுத் திண்ணையில் அகேட் மணி பட்டை தீட்டும் குடும்பங்களுக்காக அப்படிப்பட்ட உறிஞ்சிகளை நம் ஆய்வாளர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். முரட்டு அறுப்பை ஈரமாக முடித்துவிட்டு முகத்துக்கு மட்டும் உலர் மிஷின் என்று வேலையைப் பிரிக்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் அந்த ஃபேனைத் திருப்பியாவது வைக்கலாம்.

இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் யாராவது காசு போடவேண்டும், அதுதான் முடிச்சு. மாஸ்க் மட்டும் மலிவு. வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் பொறுப்பு தொழிலாளி தலைக்குப் போய்விடும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் என்95 மாட்டிக்கொண்டு கல் அறுத்துப் பாருங்கள், பிறகு அவர்களைத் திட்டுவோம். தொழில் சுகாதாரப் பாடத்தில் மாஸ்க் கடைசி வரி. நம் ஊரில் அது முதல் வரி, பல இடங்களில் ஒரே வரி.

காசு எங்கிருந்து வரும் என்பதற்கு எனக்கொரு யோசனை. கோயில் திருப்பணி, அரசுக் கட்டடம், மேம்பாலம் என்று கல்லையும் ஜல்லியையும் எம்-சாண்டையும் அதிகம் வாங்குவது யார்? அரசுதான். கல்லில் வெடிப்பு இருக்கக்கூடாது, நிறம் மாறக்கூடாது என்று டெண்டரில் எழுதத் தெரிகிறது. ஈரமாக அறுத்த கல்தான் வேண்டும், அதற்கான கூலி விலையிலேயே சேரும் என்று இன்னொரு வரி எழுதினால் பேனா தேயுமா?

தூசி ஊர் மாறும்

நுகர்வோர் கொஞ்சம் முகம் சுளித்தால் என்ன நடக்கும் என்பதற்குத் துருக்கி உதாரணம். ஜீன்ஸைப் பழசாகக் காட்ட மணலைப் பீய்ச்சியடிக்கும் பட்டறைகளில், பதின்ம வயதுப் பையன்களுக்கே சிலிகோசிஸ் வந்ததை அங்கே மருத்துவர்கள் 2005 வாக்கில் கண்டுபிடித்தார்கள். 2009இல் தடை வந்தது. 2010இல் பெரிய பிராண்டுகள் தாங்களும் நிறுத்துவதாக அறிவித்தன. நரைத்த ஜீன்ஸ் ஃபேஷன் மட்டும் நிற்கவில்லை. பட்டறைகள் வங்கதேசத்துக்கும் சீனாவுக்கும் நகர்ந்தன.

இப்போது நம் வீட்டுச் சமையலறை. மாடுலர் கிச்சன் போடப்போனால் "கிரானைட் பழசு சார், குவார்ட்ஸ் போடுங்க, கறையே பிடிக்காது" என்பார் கடைக்காரர். அந்தச் செயற்கைப் பலகையை வெட்டிய இளைஞர்களின் நுரையீரல் கெட்டதைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்துவிட்டது. நம் ஊரில் சிங்க் வைக்க ஓட்டை போடுவது எங்கே என்று கவனித்திருக்கிறீர்களா? உங்கள் பால்கனியில், உலர்ந்த கட்டரால், உங்கள் பிள்ளை ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். தரை சேறாகும், துடைத்துக்கொள்ளலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1999இல் போட்ட கணக்கில், சிலிக்கா அபாயத்தில் இருப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர். சுரங்கம், குவாரி, கண்ணாடி, உலோக வார்ப்பு எல்லாம் சேர்த்து. கட்டடத் தொழிலாளர்களைத் தனியாக 53 லட்சம் என்று வைத்தார்கள். எம்-சாண்டும் டைல்ஸ் கட்டரும் தெருவுக்குத் தெரு வருவதற்கு முந்தைய கணக்கு அது. 2030க்குள் சிலிகோசிஸை ஒழிப்பதாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 1995இல் நாள் குறித்தன.

மாலை ஐந்தரைக்குச் சிற்பக்கூடத்தில் மிஷின்கள் ஓய்ந்தன. துண்டை அவிழ்த்து உதறினார் சிற்பி. அதிலிருந்து இன்னொரு புகை. தென்னந்துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்தார். காலையும் மாலையும் பெருக்குவது அவர் வேலை, ஒன்பது பேர் கணக்கில் அவரைச் சேர்க்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கெட்டிலிருந்து தண்ணீரை அள்ளி, வாசல் தெளிப்பதுபோல் விசிறி விசிறித் தரை முழுக்கத் தெளித்தார். வெள்ளைத் தரை கறுத்தது.

எதற்கு என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெளிக்காம கூட்டினா புழுதி கெளம்பாதா?"

உள்ளே யாரோ மிச்ச வேலையை முடிக்க ஒரு மிஷினை மறுபடி போட்டார்கள். அவர் தெளித்த இடம் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது.